சிரிக்க வெச்சவங்களுக்கு சிரிச்சே துட்டி கேப்போம்

2025 செப்டம்பர் 18-ஆம் தேதி காமெடி நடிகர் ரோபோ சங்கர் இறந்துட்டார்னு நியூஸ் வந்ததும் எங்க சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல முதல்ல வழக்கம்போல கண்ணீர் எமோஜி, ஆழ்ந்த இரங்கல், கும்பிடுற கை எல்லாம் வந்துச்சு. அப்புறம் மச்சான் ஒருத்தர் அவர் நடிச்ச அந்த ஜாக்கெட் ஜானகிராமன் கிளிப்பைப் போட்டு விட்டாரு, அவ்வளவுதான், குரூப்போட குரலே மாறிப்போச்சு. என்ன நடந்துச்சுன்னு கேட்டா காலைல ஆறு மணி, கோழி கூவுச்சுன்னு கதைய ஆரம்பிச்சு, மறுபடி மறுபடி அதே ஆறு மணிக்கே வந்து நிப்பாரே எம்எல்ஏ, அந்த சீன். வேலைன்னு வந்துட்டா வெள்ளைக்காரன் படம் வந்தது 2016-ல, இத்தனை வருஷத்துல அந்த சீனை மீம் டெம்ப்ளேட்டா எத்தனை பேர் எத்தனை விதமா போட்டிருப்பாங்க, ஆனா அன்னைக்கு ராத்திரி பாக்கும்போது சிரிப்பும் வருது, தொண்டையும் அடைக்குது, ரெண்டும் ஒண்ணாவே வருது. அத்தை ஒருத்தங்க "செத்த வீட்டுல என்னடா சிரிப்பு"ன்னு வாய்ஸ் மெசேஜ் போட்டாங்க, போட்டுட்டு பத்து நிமிஷத்துல அவங்களே மாரி படத்துல இருந்து ஒரு கிளிப் போட்டாங்க.

46 வயசுதாங்க. மதுரைக்காரர். கோயில் கொடை, ஊர்த் திருவிழா மேடைகள்ல உடம்பு முழுக்க பளபளன்னு பெயின்ட் அடிச்சுக்கிட்டு ரோபோ மாதிரி வெட்டி வெட்டி ஆடுவாரு, அதுல வந்த பேருதான் ரோபோ. அந்தப் பெயின்ட் அடிச்சுட்டு நிக்கிறது சும்மா இல்ல, தோலுக்கு மூச்சு முட்டும், வேர்வை வெளிய வராது, அழிக்கிறதுக்கு மண்ணெண்ணெய் வரைக்கும் போகணும், இதெல்லாம் திருவிழா மேடைக்குப் பின்னாடி நின்னு பாத்தவங்களுக்குத் தெரியும். அங்க இருந்து விஜய் டிவி கலக்கப்போவது யாரு, அங்க இருந்து சினிமா, மாரில தனுஷ் பக்கத்துல, விஸ்வாசத்துல அஜித் பக்கத்துல. நடுவுல கமல்னா உயிரு. கமல் பத்தி பேசச் சொன்னா அந்த மனுஷன் முகத்துல ஒரு வெளிச்சம் வரும் பாருங்க, அது நடிப்பு கிடையாது.

அவரோட இறுதி ஊர்வலத்துல அவர் மனைவி ஆடினாங்க. வீடியோ எல்லாரும் பாத்திருப்பீங்க. அதுக்கு வந்த பேச்சு இருக்கே, எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கல. புருஷன் செத்துக் கிடக்கும்போது ஒரு பொம்பள ஆடலாமா, இதெல்லாம் நல்லா இருக்கா, வீடியோவுக்கு ஆடுறாங்களான்னு என்னென்னவோ பேசினாங்க. அவங்க மேடைக் கலைஞர். ஆட்டம்தான் அந்த வீட்டோட சோறு, அந்த ரெண்டு பேரோட வாழ்க்கையே மேடைதான். கடைசியா ஒரு தடவை அவர் முன்னாடி ஆடி அனுப்புறதை விட பெருசா அவங்க என்ன செய்ய முடியும்? எங்க பக்கத்துல, அதாவது திருநெல்வேலி தூத்துக்குடி பக்கம், துட்டி வீட்டுல, சாவு வீட்டைத்தான் அப்படிச் சொல்லுவோம், பறை அடிச்சு ஆடாம பொணம் தெரு தாண்டாது. வயசாகிப் போனவங்களுக்கு கல்யாணச் சாவுன்னே பேரு. ஒப்பாரி வைக்கிற கிழவிங்க பாட்டுல செத்தவரோட பெருமையும் வரும், அவர் கடன் வாங்கித் திருப்பித் தராததும் வரும், பெஞ்சுல உக்காந்திருக்கிற ஆம்பளைங்க தலையக் குனிஞ்சு சிரிப்பை அடக்குவாங்க. பந்தலுக்கு வெளிய பிளாஸ்டிக் சேர் போட்டு டீ குடிச்சுக்கிட்டு ராத்திரி முழுக்க செத்தவரைப் பத்தின கதைதான் ஓடும், எந்தக் கதையும் சோகக் கதையா இருக்காது. அப்படி வளந்த ஊர்க்காரன் நான், அந்தம்மா ஆடினதைப் பாத்து எனக்கு கையெடுத்துக் கும்பிடத்தான் தோணுச்சு.

அதனால இந்தப் பதிவையும் அந்தப் பந்தலுக்கு வெளிய போட்ட சேர்னே வெச்சுக்கோங்க. கொஞ்ச வருஷமா போனவங்க, எனக்கு ரொம்பப் பிடிச்சவங்க, அவங்க கதைங்க.

ரோபோ சங்கர் போன அதே வாரம், செப்டம்பர் 22, இங்கிலாந்துல டிக்கி பேர்ட் போயிட்டாரு. 92 வயசு, நிறைவா வாழ்ந்த மனுஷன். அம்பயர். வெள்ளைத் தொப்பி. தூர்தர்ஷன்ல கிரிக்கெட் பாத்த தலைமுறைக்கு அம்பயர்னா முதல்ல ஞாபகம் வர்ற முகமே அவர்தான். 66 டெஸ்ட்ல நின்னிருக்காரு, 1975, 79, 83 மூணு உலகக் கோப்பை ஃபைனல்லயும் நின்னிருக்காரு. 83-ல இந்தியா ஜெயிச்ச ஃபைனல்ல அமர்நாத் பந்துல ஹோல்டிங் எல்பிடபிள்யூ, அதுதான் கடைசி விக்கெட், அந்த விரலைத் தூக்கினது இவர்தான். நம்ம நாட்டுல கிரிக்கெட்டைத் தூக்கி நிறுத்தின விரலுன்னு நான் அடிச்சுச் சொல்லுவேன், யாரும் சண்டைக்கு வரட்டும்.

அவருக்கு ஒரு வியாதி உண்டு, எங்கயும் நேரத்துக்குப் போகத் தெரியாது, ரொம்ப முன்னாடியே போயிடுவாரு. முதல் முதலா கவுன்டி மேட்ச் அம்பயரிங் பண்ண ஓவல் மைதானத்துக்குப் போனப்ப விடியக்காலையிலேயே போய் நின்னிருக்காரு, கேட்டு பூட்டிக் கிடக்கு, சரின்னு பையைத் தூக்கிக்கிட்டு சுவர் ஏறிக் குதிக்கப் பாத்திருக்காரு, போலீஸ்காரர் வந்து பிடிச்சுட்டாரு. நான் அம்பயருங்கன்னு அந்த நேரத்துல சுவர் மேல உக்காந்துக்கிட்டு சொன்னா யாரு நம்புவா? பின்னாடி ராணி விருந்துக்குக் கூப்பிட்டப்பவும் இதே கதைதான், மத்தியான சாப்பாட்டுக்கு காலைலயே பக்கிங்ஹாம் அரண்மனை வாசலுக்குப் போயிட்டு, உள்ள விடமாட்டேன்னதும் பக்கத்துக் கடையில போய் மணிக்கணக்கா உக்காந்திருந்தாராம். ரயிலு பத்து மணிக்குன்னா ஏழு மணிக்கே ஸ்டேஷன்ல கட்டுச்சோத்தோட உக்காந்திருக்கிற தாத்தாங்க நம்ம வீட்டுலயும் உண்டே, அதனாலயே அவரை எனக்கு அந்நியமா நினைக்கவே முடியல.

கவலைப்பட்டுக்கிட்டே இருப்பாரு. வெளிச்சம் கம்மியா இருக்குன்னு ஆட்டத்தை நிறுத்துற அம்பயர் உண்டு, மான்செஸ்டர்ல ஒரு தடவை வெயில் கண்ணாடியில பட்டு ரொம்பப் பளிச்சுனு அடிக்குதுன்னு ஆட்டத்தை நிறுத்தினவரு இவரு. 1973-ல லார்ட்ஸ் மைதானத்துல வெடிகுண்டு மிரட்டல் வந்து எல்லாரையும் வெளிய போகச் சொல்றாங்க, இவர் என்ன பண்ணாருன்னா நேரா மைதானத்து நடுவுல போய் பிட்ச்சை மூடியிருந்த கவர் மேல உக்காந்துட்டாரு, சுத்தி ஜனங்க. யோசிச்சுப் பாருங்க, குண்டு கட்டடத்துலதான் இருக்கும், திறந்த வெளியில நடுவுல உக்காந்தா எதுவும் ஆகாதுங்கறது ஒரு நல்ல கணக்குதானே. அப்புறம் இந்த இங்கிலாந்து ஆட்டக்காரர் ஆலன் லாம்ப், பேட்டிங் பண்ண வந்தவரு பாக்கெட்ல செல்போனை எடுத்து இதைக் கொஞ்சம் வெச்சிருங்கன்னு இவர் கையில கொடுத்துட்டாரு. செங்கல் மாதிரி செல்போன் இருந்த காலம். கொஞ்ச நேரத்துல ஆட்டம் நடக்கும்போதே போன் அடிக்குது, எடுத்தா இன்னொரு இங்கிலாந்து ஆட்டக்காரர் இயான் போத்தம். ரெண்டு பேரும் பேசி வெச்சு பண்ணின வேலை.

எனக்கு ரொம்பப் பிடிச்சது தொப்பிக் கதைதான். 75 ஃபைனல் முடிஞ்சதும் கூட்டம் மைதானத்துக்குள்ள பாயுது, யாரோ ஒருத்தன் இவர் தலையில இருந்த வெள்ளைத் தொப்பியைப் பிடுங்கிட்டு ஓடிட்டான். அடுத்த வருஷம் லண்டன் பஸ்ல போறாரு, கண்டக்டர் தலையில அதே மாதிரி ஒரு வெள்ளைத் தொப்பி. எங்க வாங்கினீங்கன்னு கேட்டா, டிக்கி பேர்டை தெரியாதா உங்களுக்கு, உலகக் கோப்பை ஃபைனல்ல அவர் தலையில இருந்து நான்தான் எடுத்தேன்னு பெருமையா சொல்றாராம் கண்டக்டர், டிக்கி பேர்ட் கிட்டயே. இதை அவரே வாழ்நாள் பூரா சொல்லிச் சொல்லி சிரிச்சிருக்காரு.

கடைசி டெஸ்ட் 1996 லார்ட்ஸ், இந்தியாவோட. கங்குலியும் டிராவிடும் முதல் முதலா ஆடின அதே டெஸ்ட். ரெண்டு டீமும் வரிசையா நின்னு கை தட்டி வரவேற்க, மனுஷன் கண்ணைத் துடைச்சுக்கிட்டே உள்ள வர்றாரு, மைதானமே எழுந்து நிக்குது. அழுதுக்கிட்டே வந்தவரு ஸ்ரீநாத்தோட முதல் ஓவர்லயே இங்கிலாந்து கேப்டன் ஏதர்ட்டனுக்கு எல்பிடபிள்யூ கொடுத்துட்டாரு, ஜீரோ. கண்ணீர் தனி, வேலை தனி. அவர் சொந்த ஊரு பார்ன்ஸ்லில விரலைத் தூக்கின மாதிரியே சிலை வெச்சிருக்காங்க, ராத்திரியில போற பயலுக அந்த விரல்ல உள்ளாடை, அது இதுன்னு எதையாச்சும் மாட்டி விட்டுட்டுப் போறானுகன்னு பீடத்தை இன்னும் உசத்திக் கட்ட வேண்டியதாப் போச்சு. ஊர்க்காரன் அப்படி விளையாடுறான்னா அவர் மேல எவ்வளவு உரிமை எடுத்துக்கிறான்னு அர்த்தம்.

அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி, ஜூலை 24, அமெரிக்க மல்யுத்த வீரர் ஹல்க் ஹோகன். இவரை முதல்ல டிவியில பாத்ததை விட சீட்டுல பாத்தவங்கதான் எங்க செட்ல அதிகம். டிரம்ப் கார்டு! பெட்டிக் கடையில வாங்கி ரப்பர் பேண்ட் போட்டு பள்ளிக்கூடப் பையில ஒளிச்சு வெச்சு, உயரம், எடை, செஸ்ட், பைசெப்ஸ், ஆடின சண்டை, ஜெயிச்ச சண்டை, ரேங்க்னு வரிசையா இருக்கும். எடைன்னா யோகோசுனாவைத் தூக்கிப் போட்டா எதிராளி சீட்டு நம்மகிட்ட. ஹோகன் வந்தா பைசெப்ஸ்தான் கேக்கணும், 24 இஞ்சுன்னு அவரே ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்ச கை அது. இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்கவும் பெரிய நம்பர் சின்ன நம்பர் பாக்கவும் எங்க தெருவுல பாதிப் பசங்க அந்தச் சீட்டுலதான் பழகினோம். டிவியில சட்டையைக் கிழிக்கிறதைப் பாத்துட்டு பனியனைக் கிழிச்சு அம்மா கிட்ட அடி வாங்காத பையன் எங்க தெருவுல இல்ல. 1987-ல ஆந்த்ரேங்கிற அந்த மலையைத் தூக்கி அடிச்ச காட்சியெல்லாம் நாங்க ரொம்ப வருஷம் கழிச்சுதான் பாத்தோம், ஆனா அதுக்கு முன்னாடியே எங்களுக்கு அது மனப்பாடம், அண்ணன்மாருங்க சொல்லிச் சொல்லி.

ஹோகன் பேசின இனவெறிப் பேச்சு 2015-ல வெளிய வந்துச்சு, அந்த மல்யுத்தம் நடத்துற WWE கம்பெனியே அவர் பேரை எடுத்துடுச்சு, பின்னாடிதான் திரும்பச் சேத்துச்சு. அது தப்புதான், அதை மறைச்சுட்டுப் புகழ எனக்கு மனசு வரல. சீட்டுல இருந்த ஹோகன் மேல இருக்கிற பாசமும் நிஜம், அந்தப் பேச்சு கேட்டப்ப வந்த வருத்தமும் நிஜம். துட்டி வீட்டுல அதையும்தான் பேசுவாங்க.

ஆகஸ்ட் 2, மதன் பாப். அந்தச் சிரிப்பு! கண்ணு ரெண்டும் பெருசாகி, முகம் குலுங்கி, உடம்பு மொத்தமும் குலுங்கி, சத்தம் அதுக்கப்புறம்தான் வரும். ஜோக் யாரோடதா வேணா இருக்கட்டும், மதன் பாப் சிரிச்சா நாம சிரிச்சுடுவோம். அசத்தப்போவது யாருல ஜட்ஜ் சீட்ல உக்காந்திருப்பாரு, புதுசா மேடை ஏறின பையன் கை கால் நடுங்க ஒரு ஜோக் சொல்லுவான், கூட்டத்துல பாதி பேருக்கு புரிஞ்சிருக்காது, இவர் குலுங்க ஆரம்பிப்பாரு, அந்தப் பையனுக்கு உசுரு வந்துரும். அடிப்படையில மனுஷன் இசைக்கலைஞர், அதனாலதான் சிரிப்பை எங்க எடுக்கணும் எங்க விடணும்னு அவ்வளவு சுத்தமா தெரிஞ்சிருக்குன்னு எனக்கு ஒரு எண்ணம். அடுத்தவன் ஜோக்குக்கு மனசு விட்டுச் சிரிக்கிற மனுஷங்க காமெடி உலகத்துல ரொம்பக் கம்மிங்க. இவர் அதையே வேலையா வெச்சிருந்தாரு.

எங்க ஊர்ப்பக்கத்து ஆளுங்களைச் சொல்லாம விட்டா வீட்டுல சோறு போடமாட்டாங்க. டெல்லி கணேஷ், பேருல டெல்லி இருந்தாலும் ஊரு வல்லநாடு, திருநெல்வேலில இருந்து தூத்துக்குடி போற வழியில. பத்து வருஷம் விமானப்படையில இருந்தாரு, 1964-ல இருந்து 74 வரைக்கும், டெல்லியில நாடகம் போட்டாரு, பாலச்சந்தர்தான் அந்தப் பேரை வெச்சு பட்டினப் பிரவேசத்துல கொண்டு வந்தாரு. 2024 நவம்பர் 9 ராத்திரி போனாரு, 80 வயசு. நானூறு படத்துக்கு மேல. ஆனா எங்க வீட்டுல எந்தக் கல்யாணத்துல சாம்பார் ஊத்தினாலும் முதல்ல வர்ற பேச்சு பாலக்காட்டு மணி ஐயர்தான், மைக்கேல் மதன காமராஜன்ல கல்யாண சாம்பார்ல மீன் விழுந்துடுமே, அந்தக் கதை. அதுல கமல் பண்றது ஒரு பக்கம், டெல்லி கணேஷ் முகத்தை மட்டும் தனியா ஒரு தடவை பாருங்க. மானம் போயிடுச்சேங்கிற பதட்டம், மகன் மேல கோவம், இதை எப்படி மூடுறதுங்கிற கணக்கு, மூணும் ஒரே நேரத்துல அந்த முகத்துல ஓடும். சிரிக்க வைக்கணும்னு ஒரு இடத்துல கூட அவர் முயற்சி பண்ணியிருக்கமாட்டாரு. நிஜமாவே ஒரு சமையல்காரர் வீட்டுல இடி விழுந்த மாதிரிதான் நிப்பாரு, அதனாலதான் நமக்கு வயிறு வலிக்குது.

அதே ஆளு அபூர்வ சகோதரர்கள்ல வில்லன், நாயகன்ல ஐயரா வந்து போலீஸ் அடியைத் தாங்குவாரு, சிந்து பைரவியில குடிக்கிற மிருதங்க வித்வான். இன்னொண்ணு நிறைய பேருக்குத் தெரியாது, 47 நாட்கள் படத்துல சிரஞ்சீவிக்கு தமிழ்ல குரல் கொடுத்தது இவர்தான். தெரிஞ்சதும் அந்தப் படத்தைத் திரும்பப் பாத்தேன், ஆந்திராவோட மெகா ஸ்டார் வாயத் திறந்தா நம்ம வல்லநாட்டுக்காரர் குரல் வருது. அவருக்கு விமானப்படை ஆளுங்க யூனிஃபார்ம்ல வந்து மரியாதை செஞ்சாங்க. சாம்பார் மீனுக்குச் சிரிச்ச நாங்க அத்தனை பேரும் அதை டிவியில பாத்துட்டு எழுந்து நின்னோம்.

விவேக் கோவில்பட்டிப் பக்கம். 2021 ஏப்ரல் 17. நாலஞ்சு வருஷம் ஆகியும் அவர் மேல எழுதும்போது கை நிக்குது. மதுரை அமெரிக்கன் காலேஜ்ல படிச்சுட்டு, சென்னையில தலைமைச் செயலகத்துல வேலை பாத்துக்கிட்டே ஹியூமர் கிளப்புக்குப் போய் பேசிட்டு இருந்த ஆளு. 1987-ல மனதில் உறுதி வேண்டும். அப்புறம் நடந்தது தெரியும். வண்டியில எலுமிச்சம்பழம் கட்டுறது, சகுனம் பாக்கிறது, ஜாதி பாக்கிறது, லஞ்சம் வாங்குறது, இதெல்லாத்தையும் எங்க வீட்டுப் பெரியவங்க முன்னாடியே கேலி பண்ணிட்டு அவங்களையே சிரிக்க வெச்சுட்டுப் போனாரு. இதை நான் பெரிய விஷயமா சொல்றேன். எங்க தாத்தா பூனை குறுக்க போனா திரும்பி வந்து தண்ணி குடிச்சுட்டுப் போறவரு. நாங்க யாராச்சும் எதிர்த்துப் பேசியிருந்தா செருப்பு பறந்திருக்கும். விவேக் சொன்னா மட்டும் தோள் துண்டை வாயில வெச்சுக்கிட்டு சிரிப்பாரு. அடுத்த நாள் பூனை குறுக்க போச்சு, திரும்பி வந்தாரு, எங்களைப் பாத்தாரு, ஒண்ணும் பேசாம தண்ணி குடிக்காமயே கிளம்பிட்டாரு.

ரன் படத்துல காக்கா பிரியாணி சாப்பிட்டு அவர் படுற பாடு இருக்கே, இன்னைக்கும் ரோட்டோரக் கடையில பிரியாணி ரேட்டு கம்மியா இருந்தா எல்லாரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கிறோம், யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்ல. கலாம் சொன்னாருன்னு ஒரு கோடி மரம் நடக் கிளம்பி முப்பது லட்சத்தைத் தாண்டினாரு. அவர் போன அன்னைக்கு ஊர் ஊரா பசங்க மரம் நட்டாங்க, எங்க ஊர் கம்மாக் கரையிலயும் நட்டோம், நட்டதுல ஆடு தின்னது போக மிச்சம் வேம்பு நல்லா வந்திருக்கு. சென்னை விருகம்பாக்கத்துல அவர் வீடு இருந்த ரோட்டுக்கு சின்னக் கலைவாணர் விவேக் சாலைன்னு பேரே வெச்சுட்டாங்க.

அதே விருகம்பாக்கத்துல 2021 தேர்தல்ல சுயேச்சையா நின்னவரு மயில்சாமி. சத்தியமங்கலத்துக்காரர், எம்ஜிஆர் பக்தர்னா சும்மா ரசிகர் இல்ல, எம்ஜிஆர் கொடுத்தாரா, நானும் கொடுக்கணும்னு கையில இல்லாட்டியும் கடன் வாங்கிக் கொடுக்கிற ரகம், அவர் கூட இருந்தவங்க எல்லாரும் சொல்ற ஒரே விஷயம் இது. 2015 வெள்ளத்துல இறங்கி வேலை செஞ்சாரு. இவரை எங்க வீட்டுல முகத்துக்கு முன்னாடி குரலா தெரியும். சிரிப்போ சிரிப்பு கேசட்! சித்தப்பா டேப் ரெக்கார்டர்ல போட்டுப் போட்டு தேய்ஞ்சு, ஒரு இடத்துல நாடா சிக்கி பேனாவ விட்டுச் சுத்தி எடுத்து, அந்த இடம் மட்டும் குரல் இழுவையா போகும், அந்த இழுவையோட சேத்தே எங்களுக்கு மனப்பாடம். ஒவ்வொரு நடிகர் குரலையும் அப்படியே எடுத்து வெப்பாங்க. படத்துல பாத்தீங்கன்னா ரெண்டு நிமிஷம்தான் வருவாரு, குடிகாரன், ஏமாத்துக்காரன், தெருவுல போறவன், அந்த ரெண்டு நிமிஷத்துல ஹீரோவை மறக்கடிச்சுட்டுப் போயிடுவாரு. தூள் படத்துல விவேக்கும் இவரும் சேந்து வர்ற இடங்களைப் பாருங்க, ரெண்டு பேர்ல யாரு யாருக்கு விட்டுக் கொடுக்கிறாங்கன்னே தெரியாது.

2023 சிவராத்திரி ராத்திரி முழுக்க கேளம்பாக்கத்துல மேகநாதேஸ்வரர் கோயில்ல டிரம்ஸ் சிவமணி வாசிக்க, இவர் கண் முழிச்சு இருந்துட்டு, விடியக்காலையில வீட்டுக்கு வந்த கொஞ்ச நேரத்துல உயிரு போயிடுச்சு. சிவ பக்தனுக்கு இப்படி ஒரு சாவு வாய்க்குமான்னு எங்கம்மா ரெண்டு நாள் அதையே சொல்லிட்டு இருந்தாங்க. வருஷா வருஷம் கார்த்திகை தீபத்துக்கு திருவண்ணாமலை போய் அங்க இருந்து ரஜினிக்கு போன் போட்டு சந்தோஷமா கத்துவாராம், ரஜினியே துட்டிக்கு வந்தப்ப சொன்னாரு.

மயில்சாமி போய் மூணு மாசம் ஆகல, மே 3, மனோபாலா. அந்த உடம்புல காத்தடிச்சா பறந்துருவாருன்னு அவரே அவரைக் கிண்டல் பண்ண விடுவாரு, ஆனா அந்த மனுஷன்தான் ரஜினியை வெச்சு ஊர்க்காவலன் எடுத்தவரு, பிள்ளை நிலான்னு பேய்ப் படம் எடுத்து எங்க அக்காவை ராத்திரி கொல்லைப்புறம் போகவிடாம பண்ணினவரு. பாரதிராஜா பட்டறை. பின்னாடி தயாரிப்பாளரா சதுரங்க வேட்டை எடுத்து வினோத்துங்கிற புது டைரக்டரைக் கொண்டு வந்தாரு. கடைசி வருஷங்கள்ல யூடியூப் சேனல் ஆரம்பிச்சு அதுக்கு வெச்ச பேரு வேஸ்ட் பேப்பர். அதுல அவர் பழைய சினிமாக்காரங்களை உக்கார வெச்சுப் பேச விடுறதைக் கேட்டா பொழுது போறதே தெரியாது.

இப்ப ஆஸ்திரேலியா ஸ்பின் பவுலர் ஷேன் வார்ன். 2022 மார்ச் 4, தாய்லாந்துல, 52 வயசு. அன்னைக்குக் காலையிலதான் ஆஸ்திரேலியாவோட பழைய விக்கெட் கீப்பர் ராட் மார்ஷ் செத்ததுக்கு இரங்கல் ட்வீட் போட்டிருந்தாரு, சாயங்காலம் இவருக்கே எல்லாரும் போடுறாங்க. எங்க அண்ணன் போன் பண்ணி "டேய் வார்ன்டா"ன்னு மட்டும் சொன்னான், அதுக்கு மேல பேச்சு வரல அவனுக்கு. 708 டெஸ்ட் விக்கெட். 93-ல இங்கிலாந்தோட மைக் கேட்டிங்குக்கு போட்ட அந்தப் பந்தைப் பத்தி உலகமே எழுதித் தீத்துடுச்சு, லெக் ஸ்டம்புக்கு வெளிய குத்தி ஆஃப் ஸ்டம்பு பெயிலை எடுத்துச்சு, கேட்டிங் நின்ன நிலையில நிக்கிறாரு.

ஆனா நமக்கு வார்ன்னா 1998, சேப்பாக்கம் டெஸ்ட். அவர் பந்து ரஃப்ல, அதாவது பவுலருங்க கால் பட்டுத் தேஞ்ச இடத்துல, விழுந்து திரும்பும்னு சச்சின் முன்னாடியே நம்ம சென்னைக்காரர் சிவராமகிருஷ்ணனை வரச் சொல்லி, ரஃப் பண்ணி வெச்ச இடத்துல பந்தைப் போடச் சொல்லி பயிற்சி எடுத்தாரு. முதல் இன்னிங்ஸ்ல நாலு ரன்னுல சச்சினை வார்ன் தூக்கிட்டாரு. சேப்பாக்கம் அமைதியாயிடுச்சு. ரெண்டாவது இன்னிங்ஸ்ல சச்சின் 155 நாட் அவுட், இந்தியா 179 ரன்ல ஜெயிச்சுச்சு. அடுத்த மாசம் ஷார்ஜாவுல சச்சின் அடிச்ச அடி வேற. சச்சின் கனவுல வந்து அடிக்கிறாருன்னு வார்னே சிரிச்சுக்கிட்டு எல்லா இடத்துலயும் சொன்னாரு பாருங்க, அதுதான் அந்த ஆளு. அடி வாங்கினதை மறைக்கிற பவுலருங்கதான் நிறைய, இவர் அதையே ஜோக்காக்கி ஊர் ஊரா சொல்லி சச்சினுக்கும் பேரு வாங்கிக் கொடுத்துட்டுப் போனாரு.

அந்த டூர்லதான் சாப்பாடு ஒத்துக்கலன்னு ஆஸ்திரேலியால இருந்து டின்ல அடைச்ச பீன்ஸை பெட்டி பெட்டியா வரவெச்சு சாப்பிட்டாரு. சென்னைக்கு வந்துட்டு, தோசை இட்லி பொங்கல் எல்லாம் இருக்கிற ஊருல, டின் பீன்ஸ்! எங்கம்மாவுக்கு இதைச் சொன்னப்ப "அந்தப் பையனுக்கு யாராச்சும் ரசம் சோறு ஊட்டி விட்டிருக்கலாம்"னாங்க, எதிரி டீம்னு எல்லாம் அவங்களுக்கு இல்ல. 2003 உலகக் கோப்பைக்கு முன்னாடி தடை செஞ்ச மாத்திரையைச் சாப்பிட்டுட்டு ஒரு வருஷம் தடை வாங்கினப்பவும், அம்மாதான் கொடுத்தாங்க, டிவியில ஒல்லியா தெரியணும்னு சாப்பிட்டேன்னு சொன்ன ஆளு.

அப்புறம் 2008. முதல் ஐபிஎல். ராஜஸ்தான் டீம்ல பெரிய பேரு ஒண்ணும் இல்ல, யாரும் மதிக்கல, கேப்டனும் கோச்சும் வார்னே, சின்னப் பசங்களைக் கூட்டி வெச்சு ஒவ்வொருத்தன்கிட்டயும் நீதான் மேட்ச் ஜெயிச்சுக் கொடுக்கப் போறன்னு நம்ப வெச்சு ஃபைனல் வரைக்கும் வந்துட்டாரு. ஜூன் 1, நவி மும்பை, எதிர்ல நம்ம சென்னை. கடைசி ஓவர் எட்டு ரன்னு, பந்து நம்ம பாலாஜி கையில, ஆடுறது தன்வீரும் வார்னும். கடைசிப் பந்துல ஒரு ரன்னு வேணும், தன்வீர் அடிச்சாரு, வார்ன் கையைத் தூக்கிக்கிட்டு ஓடுறாரு. எங்க தெருவுல ஒரு வீட்டுலயும் அன்னைக்கு யாரும் ஒழுங்கா சாப்பிடல. அண்ணன் பாலாஜிய அந்த ஓவருக்குக் கொண்டு வந்தது சரிதான்னு இன்னைக்கும் சொல்றான், நான் இல்லங்கறேன், அப்பா குறுக்க வந்து "பாலாஜியை விடுங்கடா, அந்த வார்ன் எதிர்ல நின்னான்ல, எவன் போட்டாலும் அதான் நடந்திருக்கும்"னு முடிச்சு வைப்பாரு, நாங்க ஒத்துக்கமாட்டோம், அடுத்த தடவை சென்னை ராஜஸ்தான் மேட்ச் வரும்போது மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிப்போம்.